நான் அழித்த பதினொரு வரிகள்

ஒரு மனிதர் கடலில் தனியாக இருந்து பதினொரு முறை உதவி கேட்டார். அவர் கேட்டார் என்பதற்கு இருந்த ஒரே சாட்சியை நான் அழித்தேன்.

கை தவறி அல்ல. கட்டளையைத் தட்டச்சுச் செய்து, அதை ஒருமுறை சரிபார்த்து, அதன் பிறகே அழித்தேன்!

பிறகு அவருடைய மனைவியின் முகத்தைப் பார்த்து, உங்கள் கணவர்தான் கருவியை நிற்பாட்டி வைத்திருந்தார் என்று பொய் சொன்னேன்.

என் குற்றம் இவ்வளவுதான். இனி நான் எழுதப்போவது அது எப்படி நடந்தது என்பதை. எப்படி நடந்தது என்று விளக்கத் தொடங்கினாலே மனிதன் கதையைத் தன் பக்கம் கொஞ்சம் சாய்த்துவிடுவான்... நானும் சாய்ப்பேன். நீங்கள் விழிப்பாக இருந்து என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஊர் யாழ்ப்பாணத்தில் கோப்பாய், தோட்டப் பூமி. தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்து, மண்ணில் கைவைக்க விருப்பமில்லாமல் மின்னணுவியல் படித்தவன். கொழும்பில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, வீட்டின் பக்கத்து அறையில் ஒரு சிறிய வேலைத்தலம் போட்டேன். கம்பியில்லாமல் தகவல் அனுப்பும் சின்னச் சின்னக் கருவிகள் செய்வதுதான் தொழில். கிணற்றில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று சொல்வதற்கு ஒன்று, வெங்காயக் கொட்டிலின் ஈரப்பதத்தைப் பார்ப்பதற்கு ஒன்று, இப்படி.

எல்லாமே ஒரு சிறு பற்றரியில் ஆண்டுக்கணக்காக ஓட வேண்டியவை. ஆகவே இந்தத் தொழிலில் கெட்டிக்காரன் என்றால் மின்சாரத்தில் மகா கஞ்சன் என்று பொருள். ஒவ்வொரு துளியையும் எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று பார்த்துப் பார்த்துச் செய்வேன். அதில் எனக்குத் திமிரும் இருந்தது. என்னைப்போல யாழ்ப்பாணத்தில் ஒருவனும் இல்லை என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன்!

கடற்கரை ஊரான வல்வெட்டித்துறையில் மீனவர் சங்கம் ஒன்று என்னைத் தேடி வந்தது அந்தத் திமிர் உச்சத்தில் இருந்த காலத்தில்தான். படகுகள் கடலில் எங்கே நிற்கின்றன என்று கரையில் இருந்து பார்க்க வேண்டும். ஆபத்து வந்தால் ஒரு பொத்தானை அழுத்தினால் கரைக்குத் தெரிய வேண்டும். உப்புத் தண்ணீர் பட்டாலும் பழுதாகக்கூடாது. அடிக்கடி பற்றரி மாற்றச் சொல்லவும் கூடாது.

செய்தேன். உள்ளங்கை அளவான ஒரு பெட்டி. இடத்தைக் கண்டறிந்து, அதைத் தன் நினைவகத்தில் எழுதி, சங்கக் கட்டடத்தின் மேலிருந்த அன்டெனாவுக்கு அனுப்பும். சங்கத்து அறையில் ஒரு திரையில் ஒவ்வொரு படகும் ஒரு புள்ளியாகத் தெரியும். பெட்டியில் இரண்டு பொத்தான்கள். சிவப்பு, ஆபத்துக்கு. கறுப்பு, சோதனைக்கு. கறுப்பை அழுத்தினால் பச்சை விளக்கு ஒருமுறை மினுங்கும். தண்ணீர் புகாமல் இருக்க உட்புறம் முழுவதும் பிசின் ஊற்றி மூடிவிட்டேன். நிற்பாட்டுவதற்கு வெளியே ஆளி, அதாவது சுவிட்ச், வைக்க முடியாது. அதனால் பெட்டியின் மூலையில் ஒரு சிறு காந்தத்தைப் பொருத்தினால் நின்றுவிடும் என்று அமைத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காந்தமும் கொடுத்தேன்.

இப்போது அந்த நினைவகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், ஒரு உயிர் அதில்தான் போனது.

ஃபிளாஷ் நினைவகம் என்பது மின்சாரம் போனாலும் எழுதியதை மறக்காத ஒரு சிறிய கறுப்புச் சிப். எழுதும்போது மின்சாரம் குடிக்கும். அழிக்கும்போது இன்னும் கூடக் குடிக்கும். வேலை முடிந்ததும் அதற்குத் 'தூங்கு' என்று ஒரு கட்டளை கொடுக்க வேண்டும். தூங்கிவிட்டால் அது குடிப்பது இல்லையென்றே சொல்லலாம். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்தக் கட்டளையைக் கொடுத்தால் அது காதில் வாங்காது. எழுதி முடித்த பிறகும் விழித்தபடியே கிடக்கும். அதற்கு மின்சாரம் ஊட்டும் பகுதியும் அதோடு சேர்ந்து அணையாமல் கிடக்கும்.

ஆகவே முறை இதுதான். 'எழுதி முடிந்ததா?' என்று சிப்பிடமே கேட்க வேண்டும். முடிந்தது என்று அது பதில் தந்த பிறகுதான் தூங்கச் சொல்ல வேண்டும்.

நான் கேட்கவில்லை! வழக்கமாக வாங்கும் சிப் எவ்வளவு நேரத்தில் எழுதி முடிக்கும் என்று எனக்கு மனப்பாடம். அந்த நேரத்தை எண்ணிவிட்டுத் தூங்கச் சொல்லும்படி எழுதியிருந்தேன். கேட்டுக்கொண்டு நிற்பதும் ஒரு செலவுதானே... அதையும் மிச்சம் பிடித்தேனாம்!

அந்த முறை வழக்கமான சிப் கொழும்பில் கிடைக்கவில்லை. அதே அளவில், அதே கால்களோடு, வேறொரு கம்பனியின் சிப்பை வாங்கி வந்தேன். அது எழுதுவதற்குக் கொஞ்சம் கூடுதலாக நேரம் எடுக்கும். கடலில் ஓடும்போது இதனால் கெடுதல் இல்லை. இடத்தை எழுதிய பிறகு பெட்டிக்கு வேறு வேலைகள் இருப்பதால், தூங்கச் சொல்வதற்குள் எழுத்து முடிந்துவிடும். சோதனைப் பொத்தானில்தான் வினை. அதை அழுத்தினால் பெட்டி நினைவகத்தில் ஒரு வரி எழுதி, பச்சை விளக்கை மினுக்கி, உடனே சிப்பைத் தூங்கச் சொல்லும். புதிய சிப் அப்போது எழுதிக்கொண்டிருக்கும். தூங்காது. பெட்டி அடுத்த முறை கடலுக்குப் போய் அலையின் ஆட்டத்தை உணர்ந்து விழிக்கும்வரைக்கும் அந்தச் சிப் பற்றரியைக் குடித்துக்கொண்டே கிடக்கும்.

இது எனக்குப் பிறகு தெரிந்த விடயம் என்று நினைக்கிறீர்களா?

இல்லை. முதலே தெரியும்.

பிசின் ஊற்றுவதற்கு முதல் நாள் கடைசிப் பெட்டியை மின்சாரச் செலவை அளக்கும் மீற்றரில் கொளுவிச் சோதித்தேன். கறுப்புப் பொத்தானை அழுத்தினேன். எண் மேலே போனது. விளக்கு அணைந்தது. எண் கீழே இறங்கவில்லை. இன்னொருமுறை அழுத்திப் பார்த்தேன். இறங்கவில்லை. ஏனென்று புரிய எனக்கு ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை.

திருத்துவதென்றால் ஒரு வரியை மாற்றி எழுதி, எல்லாப் பெட்டிகளிலும் திரும்ப ஏற்ற வேண்டும். இரண்டு நாள் வேலை. சங்கத்திலோ நாள் பார்த்து வைத்துவிட்டார்கள். வரும் வெள்ளிக்கிழமை அம்மன் கோவிலில் பூசை, அங்கே வைத்துப் பெட்டிகளைக் கையளிப்பது என்று ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. நாளைத் தள்ளிப் போடுங்கள், என் வேலையில் ஒரு பிழை இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சோதனைப் பொத்தானை யார் தினமும் அழுத்தப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாதத்தில் ஒருமுறை அழுத்துவார்கள். அதற்கு ஒன்றும் ஆகாது.

பிசினை ஊற்றினேன்.

வெள்ளிக்கிழமை கோவிலில் வைத்து, எல்லோர் முன்னிலையிலும் என்ன சொன்னேன் தெரியுமா? "போக முதல் கறுப்புப் பொத்தானை அழுத்திப் பாருங்கோ. பச்சை எரிஞ்சால் பெட்டி உயிரோடை இருக்கெண்டு அர்த்தம்." வாய் கூசாமல் சொன்னேன்!

தவராசா அண்ணை முன்வரிசையில் நின்றார். ஐம்பதை நெருங்கிய மனிதர். சொந்தமாக ஒரு சிறிய படகு. யாரையும் சீண்டாமல் அவரால் இரண்டு வசனம் கதைக்க முடியாது. மற்றவர்கள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் என்னிடம் வந்து கேட்டார். "தம்பி, கோப்பாயிலை உள்ள ஆள் கடலுக்குச் சாமான் செய்திருக்கிறீர். உமக்கு நீந்தத் தெரியுமோ?"

"தெரியாது அண்ணை."

"அப்ப பெட்டி நல்லாத்தான் இருக்கும். பயந்தவன் செய்த சாமான் பிழை போகாது." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவருடைய மனைவி புவனம் அக்கா சிரிக்கவில்லை. என்னிடமிருந்து பெட்டியை இரண்டு கைகளாலும் வாங்கினார். எந்தப் பொத்தான், எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும், விளக்கு எங்கே மினுங்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

சில வாரங்களின் பின் சங்கத்துக்குப் போனபோது அண்ணை என்னைத் தெருவில் மறித்தார். "என்ரை மனிசி உம்மடை பெட்டிக்கும் திருநீறு பூசிப்போட்டாள். கரைக்கு வந்தால் அது சாமித்தட்டிலைதான் இருக்கு. விடியப் பூவைக்கேக்கை ஒருக்கா அமத்துறாள், விளக்கு வைக்கேக்கை ஒருக்கா அமத்துறாள். பச்சை எரிஞ்சால்தான் எனக்குச் சோறு!"

அவர் சொல்லிவிட்டுச் சிரித்தார். பற்றரி என்ன ஆகும் என்று எனக்கு உடனே தெரிந்தது. அந்த இடத்திலேயே, அந்தக் கணத்திலேயே சொல்லியிருக்கலாம். அண்ணை, அக்காவை அழுத்த வேண்டாம் என்று சொல்லுங்கோ, பெட்டியைக் கொண்டுவாங்கோ திருத்தித் தாறன் என்று... நான்கு வார்த்தை. நான் சொன்னது வேறு. "நல்லதுதானே அண்ணை" என்றேன்.

மற்ற வீடுகளில் பெட்டி படகுக்குள்ளேயே கிடந்தது. எவரும் பொத்தானைத் தொட்டுப் பார்த்ததில்லை. மிகவும் நம்பிக்கையோடு, மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்ட ஒரே வீட்டில்தான் பற்றரி மளமளவென்று கரைந்தது. அதன்பின் மாரி வந்தது. கடல் கொந்தளிக்க, வாரக்கணக்காகப் படகுகள் கரையில் கிடந்தன. பெட்டி சாமித்தட்டில் இருந்தது. காலையும் மாலையும் ஒரு பொத்தான். அந்த நாட்களெல்லாம் சிப் ஒரு கணமும் தூங்கவில்லை.

விளக்கு மட்டும் பச்சையாக மினுங்கிக்கொண்டே இருந்தது. அந்த விளக்குக்கு மிகக் கொஞ்சம் மின்சாரம் போதும். செய்தியை வானலையில் அனுப்பத்தான் ஒரே மூச்சில் நிறைய வேண்டும். களைத்துப்போன பற்றரியால் அது முடியாது. அதையும் சோதித்துச் சொல்லும்படி நான் விளக்கை அமைத்திருக்க வேண்டும். அமைக்கவில்லை. அதுவும் ஒரு மிச்சம் பிடிப்பு!

தை மாதத்தில் கடல் அடங்கியது. அண்ணையோடு வழக்கமாகப் போகிறவருக்குக் காய்ச்சல். அண்ணை தனியாகப் போனார். காலையில் புறப்பட்டார். மாலையில் திரும்ப வேண்டியவர்.

திரையில் அவருடைய புள்ளி காலையிலிருந்தே தெரியவில்லை. சங்கச் செயலாளர் அதைக் கண்டார். கண்டும் பேசாமல் இருந்தார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. நல்ல மீன் படும் இடத்தை எந்த மீனவரும் இன்னொருவருக்குக் காட்டமாட்டார். திரையைப் பார்த்தால் யார் எங்கே வலை விடுகிறார் என்று ஊருக்கே தெரிந்துவிடுமே! அதனால் சிலர் கரையைத் தாண்டியதும் காந்தத்தைப் பொருத்திப் பெட்டியை நிற்பாட்டிவிட்டு, திரும்பும்போது எடுத்துவிடுவார்கள். சங்கத்தில் எல்லோருக்கும் இது தெரியும். கண்டும் காணாமல் விட்டுவிடுவார்கள். புள்ளி இல்லையென்றால் அவர் இடம் ஒளிக்கிறார் என்று முடிவு.

மாலையாகியும் அவர் வராதபோதுதான் தேடப் போனார்கள். மறுநாள் படகு கவிழ்ந்தபடி கிடைத்தது. மூன்றாம் நாள் அண்ணையின் உடல் கரை ஒதுங்கியது.

பெட்டி படகின் முன்பக்கத்தில் நான் செய்து கொடுத்த கொளுவியிலேயே இருந்தது. காந்தம் இருக்கவில்லை. கவிழ்ந்தபோது விழுந்திருக்கும் என்றார்கள். செயலாளர் பெட்டியை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி என் கையில் தந்தார். "திறந்து பாத்துச் சொல்லுங்கோ தம்பி. சங்கத்துக்கு ஒரு பதில் வேணும்."

வேலைத்தலத்தின் கதவைச் சாத்தினேன். நல்ல வெயில் நேரம். வெளியே தோட்டத்தில் இறைப்பு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பிசினைச் சூடாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி எடுத்தேன். பற்றரியை அளந்தேன். செத்துக் கிடந்தது. சிப்புக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து, அதில் எழுதியிருந்ததைக் கணினியில் வரிவரியாக இறக்கினேன்.

படகு நின்ற இடங்களின் வரிகளுக்கு இடையில் சோதனை வரிகள். காலை, மாலை. காலை, மாலை. பக்கம் பக்கமாக... அக்காவின் விரல் பட்ட ஒவ்வொரு முறையும் நேரத்தோடு அங்கே இருந்தது. சில நாட்களில் மூன்று முறை. மழை பெய்த நாட்களாக இருக்க வேண்டும்.

கடைசியில் பதினொரு வரிகள். சிவப்புப் பொத்தான்.

அவர் அழுத்தியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் பெட்டி அதைத் தன் நினைவகத்தில் ஒழுங்காக எழுதிவிட்டு, அனுப்ப முயன்று, பற்றரி தாங்காமல் அணைந்து, மறுபடி எழும்பியிருக்கிறது. முதல் ஐந்து முறை அடுத்தடுத்து. பிறகு இடைவெளி விட்டு விட்டு. பற்றரிக்கு ஓய்வு கொடுத்தால் வேலை செய்யுமென்று நினைத்தாரோ... முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். ஒவ்வொரு வரியிலும் அவர் நின்ற இடமும் இருந்தது. காற்று அவரைத் தள்ளிக்கொண்டு போனதைக் கோடு கீறிப் பார்க்கலாம். இஞ்சின் நின்றுபோயிருக்க வேண்டும். எங்கள் அன்டெனாவுக்கு நன்றாக எட்டக்கூடிய தூரம்தான் அது! ஒரே ஒரு செய்தி போயிருந்தால் அரை மணித்தியாலத்தில் ஒரு படகு அவரிடம் போய்ச் சேர்ந்திருக்கும்.

நான் அழுதேனா? அழுதேன். அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். அழுதுகொண்டே யோசித்தது என்னைப் பற்றித்தான். இது வெளியே தெரிந்தால் இனி எவன் என்னிடம் கருவி வாங்குவான்? ஊரில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பேன்? பிழை இருக்கிறதென்று தெரிந்தே கொடுத்தாயா என்று கேட்டால் என்ன சொல்வேன்?

ஃபிளாஷ் நினைவகத்தில் ஒரு வரியை மட்டும் தனியாக அழிக்க முடியாது. ஒரு பெரிய துண்டை ஒரேயடியாகத்தான் அழிக்கலாம். நான் முழுவதையும் அழித்தேன். கண் இமைக்கும் நேரம்தான். திரும்பப் படித்துப் பார்த்தேன். வெறுமை. கணினியில் இறக்கி வைத்திருந்த பிரதியையும் அழித்தேன்.

மறுநாள் சங்கத்துக்குப் போய், நினைவகத்தில் அந்த நாளுக்கு ஒன்றும் பதிவாகவில்லை என்றேன்.

செயலாளர் என் முகத்தையே பார்த்தார். "அப்ப நிப்பாட்டித்தான் வைச்சிருந்திருக்கிறார், என்ன தம்பி?" அது பாதி கேள்வி, பாதி கெஞ்சல். புள்ளி இல்லாததைக் கண்டும் பேசாமல் இருந்தவர் அவர். அவருக்கும் அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது.

"ஓம் அண்ணை. அப்பிடித்தான் கிடக்கு."

ஒருவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. எத்தனையோ பேர் அதே வேலையைச் செய்திருந்ததால் எல்லோராலும் நம்ப முடிந்தது. என் பிழையை ஒரு செத்த மனிதரின் தலையில் கட்டுவதற்கு இவ்வளவு சுகமான வழி இருக்குமென்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஒருவர் மட்டும் நம்பவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குச் சில நாட்கள் இருக்கும்போது புவனம் அக்கா என்னைக் கூப்பிட்டனுப்பினார். கதிரையைக் காட்டினார். தான் நின்றபடியே கேட்டார்.

"அவருக்கு இடம் ஒளிக்கிற பழக்கம் இல்லை, தம்பி. ஒளிக்கிறவையைப் பாத்துச் சிரிக்கிற மனிசன். காந்தத்தை நான்தான் வாங்கி எங்கையோ வைச்சனான். அது வீட்டிலை இப்ப காணேல்லை. உங்களுக்குத்தான் தெரியும். உண்மையைச் சொல்லுங்கோ. அவரோ நிப்பாட்டினவர்?"

"ஓம் அக்கா."

அவர் அழவில்லை. "அப்ப நான் உந்த மனிசனோடை இருபது வருசம் இருந்தும் ஆளை அறியேல்லை" என்றார். பிறகு எனக்குத் தேநீர் போடப் போனார்.

நீங்கள் இப்போது கேட்பீர்கள், ஏன் பிறகாவது சொல்லவில்லை என்று. என்னிடம் ஒரு நல்ல பதில் இருந்தது. உண்மையைச் சொன்னால், பற்றரி எதனால் தீர்ந்தது என்றும் சொல்ல வேண்டும். தினமும் இரண்டு வேளை அவர் கும்பிட்டு அழுத்திய பொத்தான்தான் அதைத் தீர்த்தது என்று அவருக்குத் தெரிந்துவிடும். தன் கையாலேயே கணவனைக் கொன்றேன் என்று அந்த மனுசி நினைக்க மாட்டாரா? அவரைக் காப்பாற்றத்தான் நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று எத்தனையோ நாள் எனக்கு நானே சொல்லித் திரிந்தேன்.

சீ! அழுத்தச் சொன்னது நான். அழுத்தினால் என்ன ஆகும் என்று தெரிந்திருந்ததும் நான் ஒருவன்தான். என் பிழை என்று முழுவதையும் ஏற்றுக்கொண்டிருந்தால் அவர் தன் விரலை ஏன் வெறுக்கப் போகிறார்? நான் காப்பாற்றியது என் பெயரை. அவரை முன்னால் நிறுத்தி, பின்னால் ஒளிந்துகொண்டேன். இந்த இடத்தில்தான் நான் கதையைச் சாய்ப்பேன் என்று தொடக்கத்தில் சொன்னேன்.

பெட்டிகள் எல்லாவற்றையும் திரும்ப வாங்கினேன். 'புதுப்பிக்க வேண்டும்' என்றேன். பிசினை உடைத்து, புதிய பற்றரி போட்டு, அந்த ஒரு வரியைத் திருத்தினேன். எழுதி முடிந்ததா என்று இப்போது பெட்டி கேட்கிறது. பதில் வந்த பிறகே தூங்கச் சொல்கிறது. அனுப்பப் பலம் இல்லையென்றால் பச்சை எரியாது. இலவசமாகவே செய்து கொடுத்தேன். சங்கத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் குனிந்து கொடுத்தேன்!

அக்கா என்ன செய்தார் தெரியுமா? வீடு வீடாகப் போனார். "என்ரை மனிசன் மாதிரி நிப்பாட்டிப் போடாதையுங்கோ. மீனை விட உயிர் பெரிசு" என்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று சொன்னார். பெண்களிடம் காந்தங்களைக் கேட்டு வாங்கினார். ஒருநாள் ஒரு பிஸ்கற் ரின்னைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். திறந்தால், ஊரில் இருந்த காந்தமெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகக் கிடந்தன.

அதன் பிறகு ஒருவரும் பெட்டியை நிற்பாட்டுவதில்லை. திரையில் ஒரு புள்ளி மறைந்தால் உடனே தேடிப் போகிறார்கள். சென்ற பருவத்தில் அப்படிப் போய் இரண்டு பேரை உயிரோடு கொண்டுவந்தார்கள். அந்தச் செய்தியை அக்காதான் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். சந்தோசமாகச் சொன்னார். என் பொய்யால் இரண்டு உயிர் பிழைத்தது என்று ஒரு நிமிடம் எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. அந்த ஆறுதலுக்கு விலை கொடுத்தது நான் அல்ல... ஊருக்கெல்லாம் தன் கணவனைப் பேராசைக்காரன் என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்துத்தானே அந்தக் காந்தங்களைச் சேர்த்தேன்!

அண்ணை இறந்து ஒரு வருடமானதும் ஆட்டைத் திவசத்துக்கு என்னை அழைத்தார்கள். போகாமல் இருக்கலாம் என்று பார்த்தேன். போகாவிட்டால் ஏனென்று கேட்பார்களே என்ற பயத்தில் போனேன். ஐயர் கிரியைகளை முடித்து எழும்ப, பந்தியில் உட்கார்ந்தேன். அக்கா பரிமாறிக்கொண்டு வந்தவர் என் இலைக்கு முன்னால் நின்றார்.

"தம்பி, நீங்கள் வந்தது எனக்குப் பெரிய ஆறுதல். எல்லாரும் என்னைப் பாத்துப் பூசி மெழுகிக் கதைச்சினம். அவர் மறைச்சதை என்ரை முகத்துக்கு நேரை சொன்னது நீங்கள் ஒராள்தான்."

சொல்லிவிட்டுப் பருப்பை ஊற்றினார். நான் பிசைந்து சாப்பிட்டேன். கறி நன்றாக இருந்தது. இரண்டாம் முறையும் சோறு வாங்கினேன்.

கை கழுவப் போனபோது கிணற்றடியில் அவர்களுடைய மகள் தர்சிகா நின்றாள். உயர்தரம் படிக்கிற பிள்ளை. வாளியால் தண்ணீர் ஊற்றிவிட்டு, கொஞ்சம் தயங்கிக் கேட்டாள்.

"மாமா, அப்பா எத்தினை மணிக்கு நிப்பாட்டினவர் எண்டு அந்தப் பெட்டியிலை இருந்ததோ?"

ஒன்றும் இருக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். எல்லோருக்கும் அப்படித்தானே சொல்லியிருந்தேன். ஆனால் வாய் தானாகச் சொன்னது. "பின்னேரம் மூண்டேகால்."

அது உண்மையான நேரம். அவர் முதன்முதலாகச் சிவப்புப் பொத்தானை அழுத்திய நேரம்.

நான் மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். காலையிலிருந்தே திரையில் அவர் இல்லையென்று ஊருக்கே தெரியும்; மூன்றேகாலுக்கு எப்படி நிற்பாட்டினார் என்று கேட்டாளானால் நான் தொலைந்தேன். கேட்கட்டும் என்றுகூட ஒரு கணம் ஆசைப்பட்டேன். அவள் அதை யோசிக்கவில்லை. அவள் வேறெதையோ கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூண்டேகாலுக்கு நான் ரியூசனுக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நிண்டனான்" என்றாள். "பழைய சைக்கிளிலை போகமாட்டன் எண்டு அம்மாவோடை சண்டை. புதுச் சைக்கிள் வாங்கித் தாறன் எண்டு அப்பா ஏமாத்துறார் எண்டு கத்தினனான். முதல் நாள் அப்பாட்டையும் கத்தினனான். இந்தமுறை மீன் நல்லாப் பட்டால் வாங்கித் தாறன் எண்டவர்."

நான் கழுவிய கையை மறுபடி கழுவினேன்.

"அதுக்காகத்தான் இடத்தை ஒளிச்சவரோ, மாமா?"

இல்லை என்று ஒரு சொல். அந்தச் சொல்லைச் சொன்னால் பின்னால் மற்றதெல்லாம் வந்துவிடும். பந்தியில் ஊரே உட்கார்ந்திருந்தது. செயலாளர் இருந்தார். அக்கா பாயசம் கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

"அப்பிடி யோசிக்காதை, பிள்ளை" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். தான் நினைத்தது சரியென்று அவளுக்கு விளங்கிவிட்டது.

இப்போதும் மாதம் ஒருமுறை அன்டெனாவைப் பார்க்க வல்வெட்டித்துறைக்குப் போகிறேன். அவர்கள் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்தப் பழைய சைக்கிள் வேலியோரம் சாத்தியபடியே துருப்பிடித்துக் கிடக்கிறது. பக்கத்து ஊரில் ரியூசன். தர்சிகா வெயிலில் நடந்து போகிறாள். ஏன் பிள்ளை நடக்கிறாய் என்று நான் கேட்டதில்லை. என் மோட்டார் சைக்கிளைக் கண்டால் ஓரமாக ஒதுங்கி நின்று மரியாதையாகச் சிரிப்பாள். நானும் சிரித்துவிட்டுக் கடந்து போகிறேன்.